சுருட்டை முடிக்கு எண்ணெய் வைத்தவள்

இந்திராதேவிக்கு வாய் சிறியது, கை பெரியது என்று நான் அவளைக் கேலி செய்வதுண்டு. மொன்ட்ரியாலில் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதியில் எங்கள் கட்டடத்தில் அவளும் புருஷன் அருளம்பலமும் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. வெங்காயம் உரித்துத் தா என்று கேட்டால் உரித்து, அரிந்து, வதக்கியும் தந்துவிட்டுத்தான் போவாள். கேட்டதோடு நிறுத்தத் தெரியாது. வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் மட்டும் அது திறக்காது. இந்த இரண்டு குணமும் ஒரே மனுசியிடம் சேர்ந்தால் என்ன வரும் என்பதை அவளிடம்தான் கண்டேன்.

அவர்கள் திருகோணமலையிலிருந்து எண்பத்தாறில் வந்து சேர்ந்தவர்கள். அகதி விண்ணப்பம் எங்கோ ஒரு மேசையில் கிடந்தது. அருளம்பலத்துக்கு ஜான்-டலோன் சந்தையில் பெட்டி தூக்குகிற வேலை, அதுவும் கோடையில் மட்டும். அடுத்த வருடம் பனி கரைந்தபோது, அகதிகளுக்குப் பழைய உடுப்புக் கொடுக்கும் கன்னியாஸ்திரி ஒருவர் இந்திராதேவிக்கு லவாலில் ஒரு வீட்டு வேலை பிடித்துக் கொடுத்தார். மெட்ரோவில் கடைசி நிலையம்வரை போய், அங்கிருந்து பஸ் ஏறி, ஆற்றைத் தாண்ட வேண்டும். கூட்டித் துடைக்கிற வேலை என்று நினைத்துத்தான் போனாள். பின்னேரம் திரும்பி வந்தவள் தன் வீட்டுக்குப் போகாமல் என் கதவைத் தட்டினாள்.

"அக்கா, எனக்கு எலி மேய்க்கிற வேலை கிடைச்சிருக்கு."

எலி இல்லை, கினிப்பன்றி. பெயரில்தான் பன்றி, பார்த்தால் வாலில்லாத குட்டி முயல் மாதிரி, பசித்தால் கீச்சுக் கீச்சென்று கத்தும். வீட்டுக்கார அம்மா மடாம் தெரேஸ் ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. நிலக்கீழ் அறை முழுவதும் கூண்டு அடித்து அவற்றை வளர்த்தார். அதுவும் சாதாரணக் கினிப்பன்றி அல்ல. டெக்செல் என்று ஓர் இனம். உடம்பெல்லாம் நீள முடி, அந்த முடியெல்லாம் சுருட்டை. முதல் சோடியை இங்கிலாந்திலிருந்து மடாமும் அவருடைய சிநேகிதி அக்னெஸும் சேர்ந்து வரவழைத்தார்கள். அக்னெஸ் எதிர்வீட்டு மேல்மாடியில் வாடகைக்கு இருந்தவர், அவரும் அங்கே இரண்டு மூன்று கூண்டு வைத்திருந்தார். சின்ன வயதிலிருந்தே இருவரும் ஒட்டு. ஒருவருக்குக் கணவன் செத்துப் போயிருந்தான், மற்றவர் கல்யாணமே கட்டவில்லை. இவருடைய வீட்டுச் சாவி அவரிடம், அவருடையது இவரிடம்.

இருவருக்கும் ஒரே ஆசைதான். கண்காட்சிக் கிளப்புக்காரர்கள் அந்த இனத்தை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. வேடிக்கை பார்க்க வைக்கலாம், போட்டிக்கு வைக்க முடியாது. ஒரு நல்ல மாதிரியை நடுவரின் கையில் கொடுத்து, "சரி, இது தனி இனம்தான்" என்று சொல்ல வைத்துவிட வேண்டும். அதற்காக வளர்த்த பிராணிக்கு ப்ரிசெத் என்று பெயர். சுருட்டைக்காரி என்பது போல ஒரு செல்லப்பெயர்.

மடாம் ப்ரிசெத்தை மடியில் வைத்துக்கொண்டு இந்திராதேவிக்குப் பாடம் எடுத்தார். கொஞ்சம் பிரெஞ்சு, கொஞ்சம் ஆங்கிலம், மிச்சம் கைப்பாஷை. உடம்பு கட்டையாக, கெட்டியாக இருக்க வேண்டும். தலை அகலம், மூக்கு மொட்டை, காது பெரிதாகத் தொங்க வேண்டும். நிறம் எதுவானாலும் குற்றமில்லை. எல்லாம் முடியில்தான் இருக்கிறது. முகத்தில் குட்டையாகவும், கன்னத்துக்குப் பின்னால் நீளமாகவும் சுருள் சுருளாக இறங்க வேண்டும். வயிற்றிலும் சுருள் வேண்டும். நடுவர் பிராணியைத் திருப்பிப் பார்ப்பார். கடைசியில் ஒரு சுருளை விரலால் பிடித்து முழு நீளத்துக்கும் இழுத்துவிடுவார். விட்டதும் அது தானாகச் சுருண்டு பழைய இடத்துக்குப் போக வேண்டும். போகாவிட்டால் மற்றதெல்லாம் வீண்.

சீப்பு ஆகாது, பிரஷும் ஆகாது என்றார் மடாம். சிக்கு விழுந்தால் விரலால் பிரிக்க வேண்டும். அவருடைய விரல்கள் வாதத்தால் மடங்காமல் போயிருந்தன. அதற்காகத்தான் இன்னொரு கை தேவைப்பட்டது. அக்னெஸ் வரும்போதெல்லாம் இதில் சண்டை. "கொஞ்சம் பிரஷ் பிடித்தால் உயிரா போய்விடும்? வைக்கோல் தூசியாவது போகுமே" என்பார் அவர். "நீ உன் தலைக்குப் பிடி" என்பார் மடாம். இரண்டு பேரும் சிரித்துவிட்டுக் கோப்பி குடிப்பார்கள்.

இந்திராதேவிக்கு அந்தப் பிராணியில் உயிர். பின்னேரங்களில் என் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்து அதைப்பற்றியே கதைப்பாள். ஒரு குறை மட்டும் அவளுக்கு. "அக்கா, இவ்வளவு வடிவான சாமான். ஆனா தலை பரட்டை. தாயில்லாப் பிள்ளை மாதிரி இருக்கு." அவளுக்குப் பிள்ளை இல்லை. இதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்.

ஒக்டோபரில் கண்காட்சி வந்தது. மொன்ட்ரியால்-நோரில் ஒரு தேவாலய மண்டபம், சனிக்கிழமை. முதல்நாள் மடாம் தன் தலைமுடியைச் சுருட்டிக்கொள்ள சலூனுக்குப் போனார். போகும்போது ப்ரிசெத்தை முழுகவார்த்து, துடைத்து, அப்படியே விட்டுவிடு என்று சொல்லிவிட்டுப் போனார். அப்படியே விடுவது நம்முடைய ஆளுக்கு முடிகிற காரியமா?

அவள் யோசித்த விதத்தை நான் பிழை சொல்ல மாட்டேன். நாமெல்லாம் அப்படித்தான் வளர்ந்தோம். கிழமை முழுவதும் பிள்ளை எப்படியும் திரியலாம். நாலு பேர் பார்க்கிற இடத்துக்குப் போகிற நாளில் எண்ணெய் வைத்து முழுகவார்த்து, வகிடு எடுத்து, படிய வாரித்தான் அனுப்ப வேண்டும். பரட்டையாக அனுப்பினால் பிள்ளையை யாரும் குறை சொல்ல மாட்டார்கள், தாயைத்தான் சொல்வார்கள். சீப்பு ஆகாது என்று மடாம் சொன்னது மற்ற நாட்களுக்கு என்று அவள் எடுத்துக்கொண்டாள். விசேஷ நாளுக்கும் அதே சட்டம் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

கைப்பையில் இருந்த எண்ணெய்ப் போத்தலை எடுத்து, சூடு காட்டி, அந்தச் சின்ன உடம்பு முழுவதும் தேய்த்தாள். ஊறவிட்டு, மடாமுக்கு எண்ணெய் மணம் பிடிக்காது என்று இரண்டு தரம் ஷாம்பூ போட்டு அலசினாள். பிறகு தன்னுடைய நெருக்கச் சீப்பால், ஈரத்தோடு, வேரிலிருந்து நுனிவரை வாரினாள். சீப்போடு வந்த முடியைப் பந்தாக உருட்டிக் குப்பையில் போட்டாள். காயவைத்து, முதுகில் நேர்வகிடு எடுத்து, முடி எழும்பாமல் படியட்டும் என்று உள்ளங்கையில் இன்னும் ஒரு சொட்டு எண்ணெய் தடவி அழுத்திவிட்டாள். ப்ரிசெத் பட்டுப்போல மினுங்கியது. பாட்டுப் பாடிக்கொண்டு செய்தேன் அக்கா என்று பிறகு சொல்லி அழுதாள்.

மேலே வந்தபோது குசினி மேசையில் மூடிபோட்ட பயணக் கூடை ஒன்று இருந்தது. அக்னெஸ் தன் சாவியால் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். இந்திராதேவி ப்ரிசெத்தைத் துணியில் சுற்றி, தீனியும் வைத்து, கூடைக்குள் விட்டு மூடினாள். சலூனால் வந்த மடாம் எட்டிப் பார்க்கப் போக, தூங்குகிறது, குளிர் படும், திறக்க வேண்டாம் என்று தடுத்துவிட்டாள். நாளைக்குப் பார்த்து மகிழட்டும் என்ற ஆசை.

மண்டபத்துக்கு இந்திராதேவியும் கூடையோடு போனாள். நடுவர் ஒன்ராறியோவிலிருந்து வந்த உயரமான மனிதர். அவர் மேசைக்கு வந்து நின்ற பிறகுதான் மடாம் துணியை விலக்கினார். இந்திராதேவி அப்போதும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள். மடாமின் முகம் போன போக்கைக் கண்டும் அவளுக்கு விளங்கவில்லை. நடுவர் பிராணியைத் தூக்கினார், திருப்பினார், ஒரு கொத்து முடியைப் பிடித்து இழுத்து விட்டார். அது போகவில்லை. இழுத்த இடத்திலேயே தொங்கியது. அவர் தன் விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துப் பார்த்தார்.

பிரஷ் போட்டிருக்கிறது, ஏதோ பூசியும் இருக்கிறது, முடி பாதி கழன்றும் போயிருக்கிறது என்றார். முடியில் எதையாவது பூசிக் கொண்டுவந்தால் பார்க்கக்கூடாது என்பது விதி. "இதுதான் உங்கள் மாதிரி என்றால், மடாம், இந்த இனத்தைப்பற்றி நான் சொல்ல எதுவும் இல்லை." பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாழ்நாள் முழுவதும் பிள்ளைகளுக்குக் கள்ளம் செய்யாதே என்று படிப்பித்த மனுசி, கள்ளம் செய்தவள் என்ற பெயரோடு கூடையைக் கட்டினார்.

வீட்டுக்குப் போகும் வழியில் காருக்குள் மடாம் ஒரே ஒரு பெயரைத்தான் சொன்னார்.

"அக்னெஸ்."

பிறகு மடை திறந்தது. சாவி அவளிடம். கூடை வைக்க வந்திருக்கிறாள். பிரஷ், பிரஷ் என்று எத்தனை வருடம் உயிரை வாங்கினாள்! தான் சொன்னதுதான் சரி என்று காட்ட என் மானத்தை வாங்கிவிட்டாளே! இந்திராதேவிக்குப் பிரெஞ்சு அரைகுறைதான், ஆனால் அன்றைக்கு ஒரு சொல் விடாமல் விளங்கியது. "நான்தான்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். தொண்டைவரை வந்ததாம். வேலை போய்விடும், மடாம் கன்னியாஸ்திரிக்குச் சொல்வார், கன்னியாஸ்திரி வேறு யாருக்கோ சொல்வார், அகதி வழக்குக்குப் பழுது வரும் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பயம் எழும்பி அந்தச் சொல்லை விழுங்கிவிட்டது.

அதோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. அன்று பின்னேரமே அக்னெஸிடம் சாவியைத் திருப்பி வாங்கிவர மடாம் அனுப்பியது இந்திராதேவியைத்தான்.

ரோட்டைக் கடந்து, வெளிப்பக்கத்து இரும்புப் படியில் ஏறி, கதவைத் தட்டினாள். மடாம் சாவியைக் கேட்கிறார் என்றாள். அக்னெஸ் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்து அவளுடைய கையில் வைத்தார்.

"வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா?"

"இல்லை, மடாம்."

கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. அடித்துச் சாத்தியிருந்தால் தன் நெஞ்சு கொஞ்சம் ஆறியிருக்கும் என்பாள் இந்திராதேவி.

அருளம்பலத்திடம் சொன்னாளாம். "ஒரு எலிக்கு மயிர் நேரானதுக்கு ஊரைக் கூட்டப் போறியோ? வழக்கு முடியுமட்டும் வாயை மூடிக்கொண்டு இரு" என்றானாம். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, பயந்தவன். ஆனால் கேட்டபோது எனக்கு வந்த கோபத்துக்கு அவன் மாடிப்படியில் அகப்பட்டிருந்தால் இரண்டு வார்த்தை கொடுத்திருப்பேன்.

எனக்கு இது தெரிய வந்தது மாசியில்தான். அதற்கு முன் ஒன்றைக் கவனித்திருந்தேன். நாள் தவறாமல் தலைக்கு எண்ணெய் வைக்கிறவள், வைப்பதை நிறுத்திவிட்டாள். தலை காய்ந்து, பறந்துகொண்டு திரிந்தது. "என்னடி கோலம் இது?" என்று கேட்டேன். அவ்வளவுதான், என் குசினிக் கதிரையில் இருந்து விக்கி விக்கி அழுது எல்லாவற்றையும் கொட்டினாள்.

"ரெண்டு கிழடுகளும் இப்ப கதைக்கிறேல்லை அக்கா. அக்னெஸ் அம்மா தன்ர பிராணியளை எல்லாம் ஆருக்கோ குடுத்திட்டா. மூலைக்கடை டெப்பனேரில கண்டா மடாம் மற்றப்பக்கம் திரும்புறா. அந்த மனுசி பால் பெட்டியையும் வச்சுக்கொண்டு நிண்டு பாக்குது. நான் ரெண்டு பேருக்கும் நடுவில நிக்கிறன்."

"போய்ச் சொல்லன். என்ன, கடிச்சுத் தின்னப் போறாவே?"

"சொல்லத்தான் அக்கா ஒவ்வொரு நாளும் போறன். பஸ்ஸால இறங்கினவுடன வாய் பூட்டிக்கொள்ளுது."

அப்போதுதான் தம்பி குலேந்திரனின் கதையைச் சொன்னாள். எண்பத்தைந்தில் ஊரில் நடந்தது. அவனுடைய சைக்கிளை ஒருவன் இரவல் வாங்கிக்கொண்டு போய், ஆமியைக் கண்ட பயத்தில் ஒரு மதகடியில் போட்டுவிட்டு ஓடிவிட்டான். அங்கே குண்டு வெடித்தது. ஆமி சைக்கிளைப் பிடித்து, சைக்கிள்காரனைப் பிடித்தது. இரவல் வாங்கியவன் நாலு வீடு தள்ளி இருந்தான். சைக்கிள் அன்று தன்னிடம்தான் இருந்தது என்று சொல்லவே இல்லை. குலேந்திரன் திரும்பி வரவில்லை. அந்த இரவல்காரனை மண்ணள்ளித் திட்டினவள் நான், இப்போது நானும் அதையேதான் செய்கிறேன் என்றாள். ஓர் எலியின் முடியும் ஒரு பிள்ளையின் உயிரும் ஒன்றா என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். "மறைக்கிறது ஒண்டுதானே அக்கா" என்று சொல்லிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டு மேலே போனாள்.

வசந்தத்தில் ப்ரிசெத்துக்குப் புது முடி சுருள் சுருளாக வளர்ந்துவிட்டது. பிராணிக்கு நடந்தது அவ்வளவுதான். மடாம் அதை மடியில் தூக்கி வைக்கவில்லை. கிளப்பிலிருந்து அழைப்பு வந்தபோதும் போகவில்லை. இந்திராதேவி கூண்டுகளைத் தேவைக்கு மேல் கழுவினாள், மடாம் கொடுத்த தேத்தண்ணீரைக்கூட வேண்டாம் என்றாள். நல்ல வேலைக்காரி என்று மடாம் பாராட்டினார். ஒவ்வொரு பாராட்டும் அவளுக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

ஜூலை முதலாம் தேதி வந்தது. மொன்ட்ரியால் பக்கத்தில் அன்றைக்குத்தான் ஊரே வீடு மாறும். இந்திராதேவி பஸ்ஸால் இறங்கியபோது ரோட்டெல்லாம் மெத்தையும் குளிர்சாதனப் பெட்டியும். அக்னெஸின் வீட்டுக்கு முன்னாலும் ஒரு லொறி நின்றது. சாமான் ஏற்றிக்கொண்டிருந்தவனிடம் கேட்டாள். மேல்வீட்டு அம்மா தூரத்துச் சிகூத்திமியில் அக்காவின் மகளோடு இருக்கப் போகிறார், இனி வரமாட்டார் என்றான்.

அவள் மடாமின் வீட்டுக்குள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் ஓடினாள். மடாம் திரைச்சீலையை ஒதுக்கி லொறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மடாம், அக்னெஸ் இல்லை. நான். எண்ணெய் நான். சீப்பு நான்."

பிரெஞ்சில் அவளுக்கு அவ்வளவுதான் வந்தது. அது போதுமாக இருந்தது. மடாம் திரைச்சீலையை விட்டுத் திரும்பினார்.

"ஏன் செய்தாய்?"

"அழகாக இருக்கட்டும் என்று."

"ஏன் சொல்லவில்லை?"

"பயம்."

மடாம் வீட்டுச் செருப்போடு வாசலுக்குப் போனார். முழங்கால் ஏலாத மனுசி, படி இறங்கி, ரோட்டைக் கடந்து, அந்த இரும்புப் படியில் கைபிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். பின்னால் விழுந்துவிடாமல் தாங்க இந்திராதேவி ஏறினாள். வீடு வெறுமையாக இருந்தது. அக்னெஸ் தொப்பி போட்டு, கைப்பையோடு தயாராக நின்றார்.

"நீ இல்லையாம், அக்னெஸ்" என்றார் மடாம். மூச்சு வாங்கியது. "இவள்தானாம்."

"எனக்குத் தெரியும்."

இரண்டு பேரும் அவரைப் பார்த்தார்கள்.

"கூடை வைக்க வந்தேனே, அப்போது நிலக்கீழ்ப் படியில் நின்று பார்த்தேன். தொட்டியில் வைத்து வாரிக்கொண்டிருந்தாள். பாடிக்கொண்டிருந்தாள். எங்கள் வழக்கம் இல்லை, உனக்குக் கோபம் வரும் என்று தெரியும். ஆனாலும் ஒரு குழந்தைக்குச் செய்வது போல அவ்வளவு அன்பாகச் செய்துகொண்டிருந்தாள், நிறுத்த மனம் வரவில்லை. அது என் பிழை."

"ஏன் என்னிடம் சொல்லவில்லை?" மடாமின் குரல் உடைந்தது.

"நீ கேட்கவில்லை, தெரேஸ். ஒரு வார்த்தை, ‘நீயா’ என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நீ சாவியைக் கேட்டு ஆள் அனுப்பினாய்."

கீழே லொறிக்காரன் ஹோர்ன் அடித்தான். அக்னெஸ் இந்திராதேவியின் பக்கம் திரும்பினார்.

"உன்னைக் காப்பாற்ற நான் வாய் மூடியிருந்தேன் என்று நினைக்காதே. அது என் ரோஷம். ஆனால் நீ வருவாய் என்று நினைத்தேன். பஸ் நிற்கிற இடம் என் சன்னலுக்குத் தெரியும். நீ இறங்குகிற ஒவ்வொரு நாளும், இன்றைக்கு ரோட்டைக் கடந்து வருவாள் என்று பார்த்தேன்."

அவர் மடாமின் இரண்டு கன்னத்திலும் முத்தம் வைத்தார், அந்த ஊர் வழக்கப்படி, அறிமுகமானவர்களுக்கு வைப்பது போல. படியிறங்கி லொறியில் முன்பக்கம் ஏறிக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

வெறும் வீட்டின் வாசலில் இரண்டு பேரும் நின்றார்கள். மடாம் திட்டுவார், நாளையிலிருந்து வராதே என்பார் என்று இந்திராதேவி காத்திருந்தாள். வேண்டிக்கொண்டாள் என்றே சொல்லலாம். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. ஏறும்போது எப்படியோ ஏறிவிட்ட மனுசிக்கு இறங்க முடியவில்லை. மடாம் முன்னால் பார்த்தபடியே கையை நீட்டினார்.

"அவ எனக்குக் கன்னத்தில அடிச்சிருக்கலாம் அக்கா" என்று அன்று பின்னேரம் என் குசினியில் இருந்து சொன்னாள் இந்திராதேவி. "அவ என்ர தோளைப் பிடிச்சுக்கொண்டெல்லோ இறங்கினவ. பிடிக்கிறதுக்கு அவவுக்கு வேற ஆள் இல்லை."